நாற்பத்திரண்டு கிராம்

குவோபியோவில் பிப்ரவரி.
வகுப்பே சறுக்குமேட்டில் கிடக்கிறது.
க்ரீம் பிதுங்கும் பன்னை
எல்லோரும் வாயால் அளக்கிறார்கள்,
நான் கைத்தராசால்.

மாவுச்சத்து நாற்பத்திரண்டு கிராம்.
காலையிலேயே கம்புரொட்டி ஒன்றைக் குறைத்து
இதற்குத் துண்டுபோட்டு வைத்திருந்தேன்.

“இதெல்லாம் நீ சாப்பிடலாமா?”
வெய்க்கா. இந்த வாரத்தில் பதினோராம் முறை.
“எண்ணிச் சாப்பிடலாம்.”
“கணக்குல நீ ஃபெயிலாச்சே!”

திரும்பிக்கொண்டு
வயிற்றுச் சதையைக் கிள்ளி ஊசி போட்டேன்.
குளிர் சுருக்கென்றதா, ஊசியா, தெரியவில்லை.
கையுறையோடு பன்னை எடுத்தேன்.
நழுவியது.
சறுக்குப் பலகை இல்லாமலே
அடிவாரம்வரை போனது.
யாரோ கைதட்டினார்கள்.

மருந்து உள்ளே.
சோறு பனியில்.

கத்தவில்லை நான்.
என் முகத்தில் எதைப் பார்த்தானோ,
மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தி
பாதிப் பன்னை நீட்டினான், எச்சிலோடு.
அவனுடையது ஜாம் வைத்தது.
எனக்குப் பிடிக்காது.

“இதுல எவ்வளவு இருக்கும்?”
முதல்முறையாகச் சரியான கேள்வி.
பல் பதிந்த பள்ளத்தைக் கழித்துச் சொன்னேன்:
இருபத்தாறு.

பாக்கிக்குப் பையைக் கவிழ்த்தான்.
சாவி, ஒற்றைக் காலுறை,
போன வாரத்து வாழைப்பழம், கன்னங்கரேலென்று.
அதை உரித்து
தராசில் அவனே வைத்தான்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.