ஓரனின் தட்டு

செவ்வாய்க்கிழமை. லிமரிக் மருத்துவமனை.
ஓரன் எடைக்கருவியில் ஏறுகிறான்.
முன்னூறு கிராம் கூடியிருக்கிறது.
செவிலி டெர்வ்லா கைதட்டுகிறாள்,
நானும்.

அதே கருவியில், யாரும் பார்க்காதபோது,
ஏறி இறங்கினேன்.
தொண்ணூற்றி நான்கு.
கைதட்ட ஆளில்லை.

அவன் நுரையீரலுக்குச் சளி எதிரி,
சாப்பாடு மருந்து.
உருளைக்கிழங்கு மசியலில் வெண்ணெய்,
வெண்ணெய்மேல் க்ரீம்,
தட்டுக்கு ஆறு மாத்திரை.
போதும் என்று அவன் தள்ளிவைப்பதை
பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே
நான்கு வருடமாக நான்தான் தின்றேன்.
பயத்தைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை.

ஜனவரியில் ஒருமுறை நிறுத்தினேன்.
பிப்ரவரியில் அவனைச் சேர்த்தார்கள், பதினான்கு நாள்.
தாழ்வாரத்து இயந்திரத்தில்
காசு போட்டால் சாக்லேட் விழும்.
அந்த இரவுகளில் சொன்னபடி கேட்டது
அது ஒன்றுதான்.

போன வாரம் கோட்டைப் படிகளில்
அவன் மேலே நின்று
எனக்காகக் காத்திருந்தான்.
அவன்!

இன்று மறுபடி. சபதமெல்லாம் இல்லை.
நெபுலைசர் இருபது நிமிடம் இரையும்.
கோனல் பக்கத்தில் இருப்பான்.
அதற்குள் ஷானன் பாலம்வரை போய்த் திரும்பலாம்.
மழைதான்.
இந்த ஊரில் மழை ஒரு சாக்காகாது.

மாலையில் முதுகைத் தட்டிச் சளி இறக்கும்போது
எனக்கு மூச்சு வாங்குகிறது.
"அம்மா, நீ இருமு" என்கிறான்.
நெற்றியில் முத்தமிட்டேன்: உப்பு,
எப்போதும்போல.

பிறகு அவன் தட்டு.
பாதி உருளைக்கிழங்கு, இன்னும் சூடாக.
தொட்டியின் மூடியை மிதித்துத் திறந்தேன்.
கொட்டிவிட்டேன்.
விரலில் ஒட்டிய வெண்ணெயை மட்டும்
நக்கிக்கொண்டேன்.