சாயம் போகுமா?

மெயின் வீதிக் கடையில்
ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்பார்கள்:
சாயம் போகுமா தங்கச்சி?
போகாது என்பேன்.
அப்போது அவர்கள் கண் சேலையை விட்டு
என் தாடையில் இறங்கும்.

முப்பத்தொரு வயது.
பருவத்தில் வராத பரு
வட்டியும் முதலுமாய் இப்போது வந்திருக்கிறது.

கண்ணாடிக்குள் நிற்கும் ஆறு பொம்மைகளுக்கும்
முகத்தில் ஒரு துளைகூட இல்லை.
அவற்றுக்குச் சேலை உடுத்துவது நான்தான்.

முதலாளியின் மைத்துனர் விற்றது அந்த டப்பி.
பெயரில்லை, திகதியில்லை,
மூடியில் ஒரு பொன்மயில்.
ஐந்தாம் நாளே வெளுத்தேன்.
உண்மையாகவே வெளுத்தேன்.
கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரர்
மீற்றர் போட மறந்து பார்த்தார்.
மூன்றாம் மாதம் டப்பி தீர்ந்தது.
மறு கிழமை நெற்றி, கன்னம், கழுத்துவரை
நெருப்பு.

பிறகு ஊரெல்லாம் வைத்தியர்கள்.
ரிஸ்மியா: பொரித்த கோழியை விடு.
மேல்வீட்டு நொயலின் மனைவி: கல்லுப்பு.
பஸ்ஸில் ஒருவர், என் பெயர்கூடக் கேட்காமல்:
கலியாணம் கட்டினால் சரியாகிவிடும்.
நான் ஆறு தரம் கழுவினேன்,
அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி.

பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்.
விடிய ஐந்தரைக்கு வரிசை, நம்பர் எழுபத்தாறு.
டொக்டர் என்னைவிட இளையவர்.
தமிழ் கொஞ்சம், சிங்களம் கொஞ்சம், மிச்சம் பேனை.
கிளினிக் கொப்பியின் பின்னட்டையில்
ஒரு மயிர், அதைச் சுற்றி ஒரு குழி,
குழியோரம் எண்ணெய் சுரக்கும் பை.
உதிர்ந்த தோல் வாயை அடைக்கும்,
எண்ணெய் தேங்கும்,
தேங்கிய இடத்தில் கிருமி பெருகும்,
உடம்பு சண்டைக்கு வரும்.
சிவப்பாய் நீ காண்பது அந்தச் சண்டை.

எங்கள் ஒழுங்கைக் கானை நினைத்தேன்.
ஐப்பசி மழைக்குப் பொலித்தீன் அடைத்து
வாசல் படியேறி வரும் தண்ணீர்.
அப்போ அழுக்குத்தானே டொக்டர்?
அழுக்கு இல்லை என்றார்.
இரண்டு மொழியிலும் சொன்னார்.

சிங்களத்தில் இதற்குக் குருலெ.
குருல்லா என்றால் பறவை.
நாக்குப் பிசகி
முகமெல்லாம் பறவை என்று சொல்லிவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. டப்பியைக் கேட்டார்.
மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஸ்டீரொய்டாக இருக்கும் என்றார்.
அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.
என்மேல் இல்லை, மயில்மேல்.

இரவில் ஒரு ஜெல், பட்டாணியளவு,
ஈரம் காய்ந்த முகத்தில்.
பகலில் வெயிலுக்கு ஒரு பூச்சு.
கழுவுவது இரண்டே தரம், விரலால்.
கிள்ளக்கூடாது.
பிள்ளை பெற நினைத்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்.
(பஸ்காரரை நினைத்துக்கொண்டேன்.)
எட்டுக் கிழமையாவது பொறுக்க வேண்டும்.

முதல் மூன்று கிழமை இன்னும் மோசம்.
தோல் உரிந்தது, வாயோரம் வெடித்தது.
கொஞ்ச நாளைக்கு என்று
கவுண்டரிலிருந்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள்.
அங்கே கண்ணாடி இல்லை,
கேள்வி இல்லை,
கூரைவரை கட்டுக் கட்டாய்த் துணி.
கன்னத்துக்குப் போகும் கையை
பருத்தியில் வைத்துப் பழக்கினேன்.

ஆறாம் கிழமை, ஒரு காலை,
கருநீலத் தலையணை உறையில்
வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி.
என் கன்னம் படுத்த இடமெல்லாம்
மருந்து சாயத்தைக் குடித்திருந்தது.
எங்கள் கடைத் துணி.
போகாது என்று என் வாயால் விற்ற துணி.
கட்டிலில் இருந்து தனியே சிரித்தேன்,
சிரிக்கும்போது கன்னம் இழுபடவில்லை.

தழும்பின் மண்ணிறம் இன்னும் இருக்கிறது.
மாதம் தவறாமல் தாடையில் ஒன்று
இரண்டு நாள் முன்கூட்டி வந்து சொல்லும்.
யாரும் கூப்பிடவில்லை,
நானே கவுண்டருக்கு ஏறி வந்துவிட்டேன்.
போகுமா என்றால், இப்போதெல்லாம்
எதில் தோய்க்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

கொடியில் உறை காய்கிறது.
நொயலின் மனைவி மேலிருந்து எட்டிப் பார்க்கிறா.
பத்திக்கா?
ஓம், நானே போட்டது.
எவ்வளவு முடிஞ்சது?
எட்டுக் கிழமை என்றேன்.