நானூற்றுப் பன்னிரண்டு

பாறைமேல் ஏறிச் சிவப்புப் பெயின்ட் அடித்தது நான்தான்.
கடல்மட்டத்துக்கு மேல் 412 மீட்டர்.
இதற்குக் கீழே இனி எல்லாம் தண்ணீர் என்று
காய்ந்த ஓடையிடம் சொல்கிற கோடு.
அளவுகோல் பிடித்திருந்த எத்திராசு
"தலைக்கு மேல ரெண்டாள் ஆழம், மேடம்" என்று
அண்ணாந்து பார்த்தார்.
அங்கே ஒரு மரங்கொத்தி இருந்தது.

ஒடுகத்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
கடைசி நாலு ஜீப் போகாது.
சித்திரை. குட்டைகள் மட்டும் மிச்சம்.
அதில் ஒன்றில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள்.
வழுக்கி விழுந்தவளென்று ஓடினேன்.
மீன் பார்க்கிறாளாம். சுகிர்தா, ஆராய்ச்சி மாணவி.

சுண்டுவிரல் நீளம்.
தாடைக்கடியில் ஒரு வட்ட உறிஞ்சி.
வெள்ளம் வந்தால் கல்லைக் கவ்வி நிற்கும்,
வெள்ளம் வடிந்தாலும் அதே கல்.
கல்லொட்டி என்றார் எத்திராசு, சின்ன வயதில்
வேட்டியில் வடித்துப் பிடித்தவர்.
"அது வேற. இதுக்கு இன்னும் பேர் வைக்கலை" என்றாள்.

தண்ணீர் தேங்கினால்?
"கல்மேல சேறு படியும்."
அப்புறம், "இந்த ஓடையில தவிர எங்கயும் பார்க்கலை,
இதுவரைக்கும்."
இதுவரைக்கும் என்பதை இரண்டு தரம் சொன்னாள்.
நேர்மையானவள். அதுதான் தொல்லை.

கீழே கருங்காலிப்பட்டில்
ஆயிரத்து நூறு அடி போட்டும் வந்தது புழுதி.
லாரித் தண்ணீருக்கு டோக்கன் நம்பர்
உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது ஜெகதாம்பாளுக்கு.
"மீனுக்காக அணையை நிறுத்துறாங்களாமே,
வறுக்குற மீனா?"
எனக்கு முக்கால் தம்ளர் கொடுத்தாள்.
நான் மிச்சம் வைத்ததை
கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்,
ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல்.

சத்துவாச்சாரி ஆபீசில் படிவம் ஆறு.
அரிய உயிரினம்: உண்டு / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.
"கண்டறியப்படவில்லைன்னு எழுதும்மா,
பொய்யில்லையே" என்றார் செயற்பொறியாளர் வேதாசலம்,
"கண்டது அந்தப் பொண்ணுதானே, நீயா?"

மூன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
ஐந்து மீட்டர் இறக்கினால் ஓடை பிழைக்கும்.
கொள்ளளவு பாதிக்கும் கீழே.
கடைமடையில் எழுபது ஏக்கர் பாசனத்திலிருந்து விழும்.
சர்வே எண்களைத் தடவிக்கொண்டே போனேன்.
பதினெட்டாவது, ஜெகதாம்பாள், க/பெ தாண்டவராயன்,
ஒன்றேகால் ஏக்கர்.

உண்டு என்பதை விட்டுவிட்டு
இல்லை என்பதை அடித்தேன்.
பேனா காகிதத்தைக் கிழித்தது.

ஆறில்லாமலே பாலம் கட்டிப் பழகிய ஜில்லா இது.
பாலாற்றின்மேல் பஸ் போகும்போது
யாரும் கீழே பார்ப்பதில்லை.
நான் பார்த்தேன். மணலுமில்லை.

வாரம் கழித்துக் கோடைமழை.
மறுபடி நடந்தோம்.
கணுக்கால் ஓட்டத்தில், கலங்கலில்,
நீரை எதிர்த்துத் தலைவைத்து
ஏழோ எட்டோ. எண்ணுவதற்குள் கல்நிறமாகின.
சற்றுக் கீழே இறங்கி இன்னொரு பாறையில்
407 என்று எழுதினேன்.

"ரெண்டு கோட்டுல எது நிஜம், மேடம்?"

பிரஷ்ஷில் பெயின்ட் சொட்டிக்கொண்டிருந்தது.
ஓடையில் கழுவக் கை வரவில்லை.
ஆபீஸ் மேசை டிராயரில்
இன்னும் கிடக்கிறது,
கட்டையாகக் காய்ந்து.