தாடைக்குக் கீழே அவள்

இசோட்டா, உன் கடிதம்
கணவாய்ப் பனியில் மூன்று மாதம் கிடந்து
நேற்றுத்தான் வந்தது.
மடத்துத் தலைவி பிரித்துப் படித்து
பாவமில்லாத வரிகள்தாம் என்று தீர்மானித்து
என்னிடம் தந்தாள்.

கணவன் இறந்த பிறகுதான்
சேண அறைச் சாவி உன் கைக்கு வந்ததாம்.
இடைவழியில் ஒரு படம் தொங்குகிறதாம்,
சட்டத்தின் அடியில் ‘இத்தாலியப் பெண்’ என்று மட்டும்.
முகம் என்னைப் போல,
ஆனால் இடது பெருவிரலின் அடியில் ஒரு தழும்பு.
தாதேயா அக்கா, உனக்கு அது எப்போது வந்தது
என்று கேட்கிறாய்.

எனக்கு வரவே இல்லை.

அது ஓர்சோலாவின் கை.
நீ அப்போது நாலு வயது,
செவிலியின் இடுப்பில் மூக்கொழுக இருந்தாய்.
கணப்புச் சாம்பலுக்குள் கைவிட்டு
செஸ்ட்நட் கொட்டை ஒன்றைத் துழாவி எடுத்தாள்,
எனக்காக.
மருந்து தடவ ஆளில்லை.
அண்ணனின் வல்லூறுக்கு அன்று வயிற்றுப்போக்கு,
வைத்தியர் அங்கே இருந்தார்.
அரண்மனைக் கணக்கேட்டில் அந்த வல்லூறுக்கு
ஆறு வரி உண்டு, பெயரோடு.
நமக்கு ஒரே வரி:
பெண்பிள்ளைகள், மூன்று.

ஓவியன் பல்தஸாரே
முகத்துக்கு நாலு பொற்காசு கேட்டான்,
கைகளுக்கு இரண்டு, உடுப்புக்கு முழக்கணக்கு.
தழும்பை அழி என்றார் காரியதரிசி.
அழிக்கத் தனிக்கூலி என்றான்.
அப்பா கூலியை யோசித்தார்.
தழும்பு தங்கிற்று.

தவக்காலத்தில் காய்ச்சல்.
ஐந்தே நாள்.
பதின்மூன்று வயது அவளுக்கு.
மண ஒப்பந்தத்தில் ‘கோமகனின் மகள்’ என்றிருந்தது,
பெயர் எழுத விட்ட இடம் இன்னும் காலி.
அதைப் பார்த்து அப்பா விட்ட மூச்சை
நான் கதவுக்குப் பின்னால் கேட்டேன்.

எண்ணெய்ச் சாயம் காய நாளாகும்.
அது காய்வதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள்.
முகத்தை மட்டும் சுரண்டினான்,
அதையும் முழுதாக அல்ல.
ஒன்பது நாள் உட்கார்ந்தேன்,
அவள் உடுப்பை ஊசி குத்தி இறுக்கிய இடுப்போடு.
கைகளை எப்படி வைப்பது என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
கைகள் ஏற்கெனவே இருந்தன.

கழுத்தை நீட்டப் போகிறவள் நான்,
கழுத்தாவது என்னுடையதா என்று கேட்டேன்.
தாடைக்குக் கீழே அவள் என்றான்
தூரிகையைத் துடைத்தபடி.

கைப்பிடிக்க வருகிறவன்
எந்தக் கையைத் தேடுவானோ என்று
இரவெல்லாம் பயந்தேன்.
கணப்பருகே போய் விரலை நீட்டிக்கூடப் பார்த்தேன்,
தைரியம் வரவில்லை.

படம் கோவேறு கழுதை மேல் மலையேறிற்று.
நான் பின்னால் போக வேண்டியவள்.
வசந்தத்தில் அண்ணன் ஒரு சண்டையில் தோற்றான்,
என் சீதனம் இரண்டு பீரங்கியாயிற்று.
மிச்சத்துக்கு ஏற்ற மாப்பிள்ளை கர்த்தர்தான்,
பத்தில் ஒரு பங்கு போதும் அவருக்கு.
என்னைக் கரையேற்றிய படகில்
மடத்துக்கு இரண்டு மூட்டை உப்பும் வந்தது.
படத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பதினோரு வருஷம் கழித்து
மனைவியும் பல்லும் இழந்த அதே ஆளுக்கு
உன்னை அனுப்பினார்கள்.
உன்னைப் படம் எழுதக்கூட இல்லை.

இப்போது நீ எழுதுகிறாய்,
சுவர் ஈரம், நெற்றியில் சாயம் பொருக்கு விடுகிறது,
உள்ளிருந்து வேறொரு புருவம் தெரிகிறது,
நல்ல ஓவியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யட்டுமா என்று.

கூப்பிடாதே.
அந்தப் பக்கம் கணப்பும் மூட்டாதே.
குதிரைகளின் மூச்சு படட்டும்.
என் முகம் உதிரட்டும் இசோட்டா,
அது ஒன்பது நாள் இரவல்.

அவளுக்கு இன்னும் பதின்மூன்று,
நமக்கு மகள் வயது.
முழுதாக வெளியே வந்ததும்
ஒரு வரி எழுதிப் போடு,
அவள் கண் என்ன நிறம் என்று.
எனக்கு மறந்துவிட்டது.