ஒரு நிறுத்தம் முன்னே

ரோஸ் ஹில்லில் ஏறி
இரண்டாம் கதவருகே நின்றுகொள்வேன்.
எபேனில் அது படிக்கட்டுக்கு நேராகத் திறக்கும்.
என்னை உதிர்த்துவிட்டு ரயில்
ரெதுயிக்குப் போகும். பல்கலைக்கழகம். கடைசி நிறுத்தம்.
பைகள், காதொலிப்பான்கள், காகிதத்தில் பாதித் தால்பூரி,
நேற்றைய பாடத்தை இன்று கேட்கும் யாரோ ஒருத்தி.
கதவு மூடிக்கொள்ளும்.

இரண்டு வருடம் நானும் அதுவரை போனவன்தான்.

ஏன் விட்டாய் என்பவர்களுக்கு மூன்று காரணம் வைத்திருக்கிறேன்.
சித்தப்பாவுக்கு, வீட்டு நிலைமை.
வேலை தருபவர்களுக்கு, ஆர்வம்.
மூன்றாவதை வெளியே எடுப்பதில்லை:
புள்ளியியலில் இரண்டு முறை விழுந்தேன்.
மூன்றாம் முறை தேர்வறை வாசல்வரை வந்தேன்.
மழை பெய்தது. குடை இருந்தது.
திரும்பி நடந்தேன்.
அவ்வளவுதான். இடி மின்னல்கூட இல்லை.

பிறகு வாக்வாவில் மொஸ்யே சின் யூனின் இரும்புக்கடை.
ஆணி எடையில், குழாய் அடியில், பெயின்ட் ஞாபகத்தில்.
எல்லாவற்றையும் ஒரு திரைக்குள் கொண்டுவர
மூன்று வாரம் பிடித்தது.
முதல் சனிக்கிழமை மாலை திரை சொன்னது:
கையிருப்பு, மைனஸ் நான்கு கிலோ ஆணி.
"இல்லாத ஆணியை எவனுக்கடா விற்றாய்?"
அவர் கல்லாப்பெட்டி குலுங்கச் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அந்த நான்கு கிலோவைத் தேடி
இரவு இரண்டு மணிவரை வரிவரியாக நடந்தேன்.
கண்டுபிடித்தபோது அது ஒரேயொரு குறி,
கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தேன்.
தேர்வறையில் ஒருநாளும் வராத ஒரு சந்தோஷம்
காலர் வரை வியர்த்தது.
கூலி ஆறாயிரம் ரூபாய், ஒரு குழாய்த் திருகி.
திருகி இன்னும் இருக்கிறது.

எபேன் கண்ணாடிக் கட்டடத்தின் விண்ணப்பப் படிவத்தில்
'பெற்ற பட்டம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் நகராது.
பூஜ்யம் போட்டேன். நகர்ந்தது.

பூஜ்யம் வேறு, வெற்று வேறு, இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.
பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை.
வெற்று என்றால்
இன்னும் யாரும் எண்ணவேயில்லை.

பெயர்க் கட்டத்தில் லோகனாடன்.
லோகநாதனாகத்தான் கப்பலில் வந்திருக்க வேண்டும்;
எந்தக் குமாஸ்தாவின் காதிலோ த தடித்து ட ஆனது.
நான்கு தலைமுறையாக ஓடுகிற பிழை.
யாரும் திருத்தவில்லை, எதுவும் நின்றுவிடவுமில்லை.

வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதம்
அதே படிவத்தைச் சீர்செய்யும் வேலை
என் மேசைக்கு வந்தது. தேதிக் கட்டம் பிரெஞ்சு முறையில் வேண்டுமாம்.
தேதியைச் சரிசெய்தேன்.
போகிற போக்கில் சிவப்பு நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டேன்.
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வெற்றிக் கதை என்று இதை யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.
நாந்த்திலிருந்து அழைக்கிற செலின்
"நீ எந்தப் பள்ளி?" என்று சாதாரணமாகக் கேட்கும்போது
என் ஒலிவாங்கி இன்னும் பழுதாகிவிடுகிறது.
திருமலேன், என் பெஞ்சுக்காரன்,
நான் பாதி எழுதிக்கொடுத்த இறுதியாண்டுத் திட்டத்தோடு
கறுப்பு அங்கியில் நின்று படம் அனுப்பினான்.
அழகாக இருந்தான். சொன்னேன்.
பிறகு படத்தைப் பெரிதாக்கி
அங்கியின் தையலை வெகுநேரம் பார்த்தேன்.

போன செவ்வாய், இரவெல்லாம் ஒரு சர்வரோடு மல்லாடிவிட்டுக்
காலையில் குளிக்க வீட்டுக்கு ஓடி, மறுபடி ரயிலேறி
நின்றபடியே தூங்கிவிட்டேன்.
எபேன் திறந்து மூடியிருக்கிறது.
விழித்தபோது ரெதுயி.

எல்லாரும் இறங்கினார்கள்.
ஒருவன் என்னைப் பார்த்து, கதவைக் கையால் தடுத்து,
"இறங்கலையா?" என்பதுபோலப் புருவம் தூக்கினான்.
தலையசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று
எனக்கே தெரியவில்லை.

ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு
நடைமேடை நெடுக நடந்து
மறுமுனை அறைக்குள் ஏறினார்.
கடைசிப் பெட்டி முதல் பெட்டியானது.
காலியான இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்து
மடிக்கணினியைத் திறந்தேன்.
எபேனுக்கு மூன்று நிமிடம்.
ஒரு வரி திருத்தப் போதும்.