இட்டேரியில் ஒரு படல்

காங்கேயத்தில் எண்ணெய் மில்லுக்கு மேலே
வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை.
கொப்பரை வாசம் கீபோர்டு வரை ஏறிவரும்.
ஞாயிறு மட்டும் மில் ஓடாது.
அன்றைக்குத்தான் எழுத வரும் எனக்கு.

விளையாடுகிறவர் நடந்துபோக
ஒரு இட்டேரி எழுதினேன்.
இருபுறமும் கிளுவை வேலி,
கடைசியில் முள் வைத்துக் கட்டிய படல்,
அதற்கு அக்கட்ட
மூன்று வருடமாகக் கரண்ட் இல்லாத தோட்டம்.
பொழுது சாய்ந்ததும்
அங்கே ஒரு மோட்டார் ஓடும்.

யார் போடுகிறார்கள், தண்ணீர் எங்கே போகிறது,
எதையும் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டால் ஆழமாகிவிடும் என்று
அப்போது ஒரு நம்பிக்கை.
உண்மையைச் சொன்னால்
எனக்கே தெரியாது.

முதலில் ஆடியவர் துளசிமணி.
திருப்பூரில் ஓவர்லாக் தைக்கிறார்,
டீ இடைவேளை பதினைந்து நிமிடம்.
அதில் பதினொரு நிமிடம்
படலையே தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.
அப்புறம் ஒரு குரல் செய்தி,
பின்னால் மெஷின் இரைச்சலோடு:
‘ஏனுங், இந்தப் படல் தொறக்குமா தொறக்காதா?
அத மட்டும் சொல்லிப்போடுங்.
மோட்டார பேயே ஓட்டுனாலும் பரவால்லீங்.’

எனக்கு ரோசம் வந்துவிட்டது.
ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன்.
படலுக்கு மேலே அம்புக்குறி.
சாளையின் சுவரில் ஒரு கடிதம்.
கடிதம் புரியாதவர்களுக்கு
ஆடு மேய்க்கிற ஒருவர் வந்து
ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

சென்னியப்பன் ஆறே நிமிடத்தில் முடித்தான்.
பல்லடத்தில் போர்வெல் லாரி ஓட்டுகிறவன்,
என்னைவிட ஏழு வயது சின்னவன்.
‘நல்லாருக்குதுங்’ என்றான்.
உடனே டீசல் விலைக்குப் போய்விட்டான்.

ஆறு நிமிடம்.
டீக்கடை பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்தேன்,
வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்
தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது என்று கேட்டேன்.
சிரித்தான்.
‘எத்தன ராடு எறக்கியிருக்கறன்னு தெரியும்ங்.
அந்தக் கணக்கு தப்புனா
ராடு உள்ளயே போயிரும், முதலாளி தோல உரிச்சுருவாரு.
கீழ என்ன கெடக்குதுன்னு தெரிஞ்சா
என்னைய எதுக்குங் கூப்பிடறாங்க?’
வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றிரவு கடிதத்தை எடுத்தேன்.
ஆடு மேய்ப்பவரை எடுக்க மனம் வரவில்லை,
அவர் வசனத்தை மட்டும் வெட்டினேன்:
‘நேத்தும் ஓடுச்சு’ என்பார்,
ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.
அம்புக்குறி இருந்த இடத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிறு.
தொட்டால் அசையும்.
இரண்டு சுற்று அவிழ்த்தால் படல் சாயும்.
அவசரப்பட்டுத் தள்ளினால்
முள் கீறும், திரையில் கை சிவக்கும்.
மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன்.
அணைக்கலாம். அணைக்காமலும் வரலாம்.
இரண்டுக்கும் மறுநாள் காலை ஒன்று உண்டு.

பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு,
எனக்காக ஒரு கோப்பில்
யார் அந்த மோட்டாரைப் போடுவது என்று
முதல்முறையாக எழுதினேன்.
ஒரே ஒரு பெயர். எழுத இரண்டு நாள் ஆனது.
அதன் பிறகுதான் வாய்க்கால் எந்தப் பக்கம் வளையும்,
மண் எங்கே ஈரமாக இருக்கும் என்பதெல்லாம்
தானாக அமைந்தது.

துளசிமணி மறுபடி ஆடினார்,
இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, நடுராத்திரியில்.
‘அணைக்காம வந்துட்டனுங்.
அந்தப் புள்ள பாவம், ஒத்தையா நின்னு
தண்ணி கட்டறா. பாயட்டும்.’

எந்தப் புள்ளை?
என் கோப்பில் இருப்பது ஒரு ஆணின் பெயர்.
பதில் தட்டினேன், அழித்தேன்,
மறுபடி தட்டினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
தூங்கப் போயிருப்பார்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
கீழே மில் மோட்டார்
ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.
மணி இரண்டே கால்.
ஞாயிற்றுக்கிழமை.