மூன்று லிட்டர்

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
பேரணாம்பட்டில் ஆம்பூர் கம்பெனி பஸ் ஏறுமுன்
சலோமி குடிப்பது அரை டம்ளர் டீ.
அப்புறம் மாலை ஆறரை வரை
ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் கிடைப்பாள்.
என் படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?
கட்டங்கள் நான்கு.
அவள் சொன்ன அளவுக்குக்
கட்டமே இல்லை.

"மூணு லிட்டர் குடிக்கணும்மா,
வேலூர் வெயிலு இது,
ஏற்கெனவே ஒரு கல்லு வந்து போயிருக்கு,
பழக்கத்த மாத்திக்கணும்" என்றேன்,
பயிற்சியில் சொல்லித்தந்த குரலில்.

விரல்நுனியில் காய்ந்த ஷூ பசையை
உரித்துக்கொண்டே சிரித்தாள்.

"குடிக்கிறது கெடக்குதுக்கா.
எங்க போறதுன்னு சொல்லு.
லைன்ல நாப்பத்திரெண்டு பேரு.
டோக்கன் கீறது ரெண்டு.
மஞ்ச டோக்கன், ஆணியில தொங்கும்.
ரெண்டாவது வாட்டி எடுத்தா
சூப்பர்வைசர் ஒண்ணும் பேசமாட்டான்.
வாட்ச மட்டும் பாப்பான்."

எழுதிக்கொண்டேன்:
ஆலோசனை வழங்கப்பட்டது.

என் பையிலும் ஒரு பாட்டில் உண்டு.
ஒன்பது மணிக்கு நிரப்புவேன்.
நூற்றுப்பத்து வீடு, மூன்று தெரு, ஒரு மேடு.
எந்த வீட்டு வாசலில் நின்று கேட்பது,
உங்க கக்கூஸ கொஞ்சம் விடுங்க என்று?
சாயங்காலம் திரும்பியதும்
மூடி திறக்காத அந்தத் தண்ணீரைக்
கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன்.
இரண்டு வருஷமாக.
நன்றாகச் செழித்திருக்கிறது.

இதை அவளிடம் சொல்ல
இன்னும் மூன்று ஞாயிறு ஆனது.
ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு வீட்டின் பின்பக்கம் கை காட்டினாள்.
"தாப்பா சரியா விழாது.
நான் வெளிய நிக்கிறேன். போ."

அதற்கப்புறம் நடந்தது
என் படிவத்தில் இல்லை.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு,
லைன் முழுக்க
ஆளுக்கொரு பாட்டில்
ஒரே சமயத்தில் குடித்தார்களாம்.
கோஷம் கீஷம் ஒன்றுமில்லை.
பதினொன்றே காலுக்கு
ஆணிக்கு முன்னால் வரிசை:
ஷமீம், தேன்மொழி, ஏழு மாதக் கர்ப்பிணி ரூத்,
அவர்களுக்குப் பின்னால் மற்ற எல்லோரும்.
தையல் மிஷின்கள் மொத்தமாக ஓய்ந்ததில்
மேலே ஃபேன் ஓடும் சத்தம்
அன்றைக்குத்தான் கேட்டதாம்.
சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.

இப்போது டோக்கன் ஆறு.
கதவு இன்னும் இரண்டுதான்.
ரூத்துக்கு மட்டும் ஏன்
அரைநாள் சம்பளம் பிடித்தார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.

மாவட்டக் கூட்டத்தில்
என் வட்டாரத்தின் பழக்க மாற்றத்துக்குக் கைதட்டினார்கள்.
நல்லா எடுத்துச் சொல்றீங்க போல, என்றார் டாக்டர்.
அப்படி என்ன சொன்னேன் என்று யோசித்தபடி
அவர் மேசைமேல் இருந்த தண்ணீரை
முழுக்கக் குடித்துவிட்டு
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

வீட்டில் கறிவேப்பிலை மஞ்சளாகிறது.
அதற்கு இனி
தனியாக ஒரு குடம் பிடித்துவைக்க வேண்டும்.